உதாரணம் புரிகிறது, புதுக் கணக்கு வரவில்லை: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

சொல்லிக்கொடுக்கும்போது எல்லாம் புரிந்தது, தலையையும் ஆட்டியாயிற்று, அடுத்த கணக்கைப் பார்த்ததும் பேனா நகரமாட்டேன் என்கிறது. இந்தப் புகாருக்கு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஒரே தீர்வு "இன்னும் பத்து கணக்கு போடு" என்பதுதான். சில நேரம் அது வேலை செய்யும். பல நேரம் இருக்கிற பழுதை இன்னும் இறுக்கிவிடும், ஏனென்றால் வெளியே ஒரே மாதிரி தெரியும் இந்தத் திணறலுக்குப் பின்னால் வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன, ஒன்றுக்குச் செய்கிற சிகிச்சை இன்னொன்றுக்கு ஆகாது.

அடிப்படை இவ்வளவுதான். படித்த உதாரணத்துக்கும் முன்னால் நிற்கும் கணக்குக்கும் உள்ள ஒற்றுமை இரண்டு தனித்தனி வேலைகளைப் பார்க்கிறது. சரியான உதாரணத்தை ஞாபகத்துக்குக் கொண்டுவருவது ஒரு வேலை. வந்த உதாரணத்தில் எது இங்கே எதற்குப் பதிலாக நிற்கிறது என்று பொருத்திக் காட்டுவது இன்னொரு வேலை. ஞாபகத்துக்கு வருவதைப் பெரும்பாலும் கதை, பொருட்கள், சொற்கள் என்ற மேல்தோற்றமே தீர்மானிக்கிறது. விடை சரியாக வருமா என்பதோ உள்ளே இருக்கும் உறவுகளைப் பொறுத்தது. இந்த இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கோளாறு.

எதையும் செய்வதற்கு முன் ஒரு சோதனை

மாணவர் சிக்கி நிற்கிறார். வழிமுறை எதையும் விளக்காதீர்கள், "போன வாரம் போட்ட தொட்டிக் கணக்கை நினைத்துப் பார்" என்று மட்டும் சொல்லுங்கள். தனியாகப் படிப்பவர் என்றால் நோட்டைப் புரட்டிப் பழைய உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

உடனே மளமளவென்று எழுதினால் விஷயம் தலைக்குள் இருக்கிறது, தேவைப்பட்ட நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான்: 1, 2 அறிகுறிகளைப் பாருங்கள். எழுத ஆரம்பித்து எண்களை இடம் மாற்றிப் போட்டால் 3. பாதியில் நின்றால் 4. அந்தப் பழைய உதாரணத்தையே தன் வார்த்தையில் திரும்பச் சொல்ல வரவில்லை என்றால் இங்கே மேலே படிக்க வேண்டாம். அது மாற்றிப் போடுவதில் வந்த சிக்கலே இல்லை, உதாரணம் முதலிலேயே புரியவில்லை, அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரே ஒரு குறிப்பு இவ்வளவு சொல்லிவிடுமா என்று சந்தேகம் வரலாம். மேரி ஜிக், கீத் ஹோலியோக் இருவரும் 1980இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வயிற்றில் கட்டி, அறுவை சிகிச்சை முடியாது, கட்டியை அழிக்கும் அளவு வலுவான கதிர் வழியிலுள்ள நல்ல திசுவையும் அழித்துவிடும், என்ன செய்வது? இது கார்ல் டுங்கர் என்ற உளவியலாளர் உருவாக்கிய பழைய புதிர். பல திசைகளிலிருந்து பலவீனமான கதிர்களை ஒரே புள்ளியில் சேரச் செய்வதுதான் விடை. நேரடியாகக் கேட்டால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத்தான் இது தோன்றியது. கண்ணிவெடி புதைத்த பல பாதைகள் வழியே படையைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பிக் கோட்டையைப் பிடித்த தளபதியின் கதையை முன்கூட்டியே படித்தவர்களிலும் தாமாகப் பிடித்தவர்கள் சுமார் 30 சதவீதம்தான். "படித்த கதை உதவும்" என்று ஒரு வரி சொன்னதும் முக்கால்வாசிப் பேர் விடை சொல்லிவிட்டார்கள். கதை அவர்களிடம் முழுசாக இருந்தது, கொஞ்ச நேரம் முன்புதான் படித்தது வேறு. ஆனால் மருத்துவமனையையும் போர்க்களத்தையும் சேர்த்துப் பார்க்க யாரும் சொல்லவில்லை, அதனால் அவர்களும் பார்க்கவில்லை.

அறிகுறி 1: "இந்த மாதிரி நாங்கள் போட்டதே இல்லையே"

போட்டிருப்பார்கள். வேறு வேஷத்தில். முதல் குழாய் தனியாகத் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும், இரண்டாவது 3 மணி நேரத்தில் நிரப்பும், இரண்டையும் திறந்தால் எவ்வளவு நேரம்? மணிக்கு ஆறில் ஒரு பங்கும் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்து அரைப் பங்கு, ஆக 2 மணி நேரம். இதைப் போடத் தெரிந்தவரிடம் இப்படிக் கேளுங்கள்: இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள தூரத்தை ஒரு வண்டி 6 மணி நேரத்திலும் இன்னொன்று 3 மணி நேரத்திலும் கடக்கும், ஆளுக்கொரு முனையிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பினால் எப்போது சந்திக்கும்? அதே கணக்கு, அதே 2 மணி நேரம். ஆனால் பலர் "தூரம் எவ்வளவு என்று கொடுக்கவில்லையே" என்று நின்றுவிடுவார்கள். தொட்டியின் கொள்ளளவையும்தான் கொடுக்கவில்லை, அங்கே அது உறுத்தவே இல்லை!

சரிசெய்வது: இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பொதுவாக என்ன நடக்கிறது என்று மாணவரையே எழுதச் சொல்லுங்கள். இரண்டும் மேல்தோற்றத்தில் விலகி இருக்கணும், குழாயும் குழாயும் வைத்தால் பயனில்லை. "ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தில் முழு வேலையில் எத்தனை பங்கு முடிக்கிறது என்று பார்த்துக் கூட்டணும்" என்ற அளவுக்கு வரி வந்தால் போதும். "வேகத்தைக் கூட்டணும்" என்று மட்டும் வந்தால் இன்னும் கொஞ்சம் கிளறுங்கள்.

இங்கே ஆசிரியர்களுக்குப் பிடிக்காத ஒரு தகவல் உண்டு. அதே ஜிக், ஹோலியோக் 1983இல் செய்த தொடர் ஆய்வில், ஒரே ஒரு கதையைக் கொடுத்து அதன் தத்துவத்தை வெளிப்படையாக எழுதிக் காட்டியும் பார்த்தார்கள், படம் போட்டும் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இரண்டு கதைகளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னபோதுதான் புதுப் புதிரில் பலன் தெரிந்தது, அப்படிக் கிடைத்த பொதுக்கருத்தோடு தத்துவத்தையும் எழுதிக் கொடுத்தால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஆகவே பலகையில் விதியைக் கட்டம் கட்டி எழுதிவிட்டோம், கடமை முடிந்தது என்று நினைப்பது வீண். ஒப்பிடுகிற வேலையை மாணவர் செய்யணும்.

அறிகுறி 2: "ஓ, இது அந்தக் கணக்குதானே!" (ஆனால் இல்லை)

முதல் அறிகுறியைவிட இது ஆபத்து, ஏனென்றால் மாணவர் திணறவே மாட்டார், தைரியமாகத் தவறாக எழுதுவார். 90 லிட்டர் தொட்டி, ஒரு குழாயில் மணிக்கு 6 லிட்டரும் மற்றதில் 3 லிட்டரும் வருகிறது, நிரம்ப எவ்வளவு நேரம்? 9ஆல் வகுத்தால் 10 மணி நேரம், ஆரம்பப் பள்ளிக் கணக்கு. ஆனால் தொட்டி, இரண்டு குழாய், 6, 3 என்று கண்ணில் பட்டதும் கை தானாகவே ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று எழுத ஆரம்பிக்கும், 2 மணி நேரம் என்று விடையும் வந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் 18 லிட்டர்தான் விழுந்திருக்கும் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இது சோம்பேறித்தனம் இல்லை. துறைக்குப் புதியவர்கள் உலகத்தைப் பார்ப்பதே இப்படித்தான். மிஷலீன் சி, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் 1981இல் இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து இனம் பிரிக்கச் சொன்னார்கள். புதியவர்கள் சாய்தளக் கணக்கு ஒரு பக்கம், கப்பிக் கணக்கு ஒரு பக்கம், சுருள்வில் ஒரு பக்கம் என்று அடுக்கினார்கள். ஆராய்ச்சி நிலையில் இருந்தவர்கள் ஆற்றல் அழியாமை, நியூட்டனின் இரண்டாம் விதி என்று அடுக்கினார்கள். படத்தில் சாய்தளம் இருக்கிறதா சுருள்வில் இருக்கிறதா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

சரிசெய்வது: கணக்கைப் போட விடாதீர்கள். ஆமாம், போடவே கூடாது. கலந்துகட்டிய ஒரு கட்டுக் கணக்குகளைக் கொடுத்து "எது எதோடு சேரும், ஏன்" என்று பிரிக்க மட்டும் சொல்லுங்கள். அந்தக் கட்டில் ஒரே கதை வெவ்வேறு அமைப்போடும், ஒரே அமைப்பு வெவ்வேறு கதையோடும் வரணும். இதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஜில் குவிலிச்சியும் ரிச்சர்ட் மேயரும் 1996இல் புள்ளியியல் கணக்குகளை வைத்துப் பார்த்ததில், ஒவ்வொரு சோதனை முறைக்கும் ஒரே கதையை ஒதுக்கிவிட்டால் மாணவர்கள் கதையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், அதே கதைகள் எல்லா முறைகளிலும் திரும்பத் திரும்ப வந்தால் அமைப்பைப் பார்த்துப் பிரிக்கக் கற்கிறார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராகத்தான் இருக்கின்றன: வட்டி என்றால் கடன், விகிதம் என்றால் கலவை, நிகழ்தகவு என்றால் பகடை. பகடை வந்தால் நிகழ்தகவு என்று மாணவர் முடிவு கட்டுவதற்கு அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

அறிகுறி 3: சூத்திரம் சரி, எண்கள் இடம் மாறிவிட்டன

இதைத்தான் அதிகம் பேர் "கவனக்குறைவு" என்று எழுதித் தள்ளிவிடுகிறார்கள்.

உதாரணம்: 12 ஊழியர்கள், 20 கணினிகள். பணி மூப்பு வரிசையில் ஊழியர் ஒவ்வொருவராக வந்து குலுக்கலில் ஒரு கணினியை எடுக்கிறார். மூத்த மூவருக்கும் மிகப் புதிய மூன்று கணினிகள் அதே வரிசையில் கிடைக்க என்ன வாய்ப்பு? 20, 19, 18 மூன்றையும் பெருக்கினால் 6840, ஆக 6840இல் ஒன்று. இப்போது கதையைத் திருப்புங்கள். புதிய கணினியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கணினிக்கும் ஊழியர் பெயர் ஒன்று குலுக்கலில் எடுக்கப்படுகிறது, ஒருமுறை வந்த பெயர் மறுபடி வராது. முதல் மூன்று கணினிகள் மூத்த மூவருக்கு வரிசைப்படி போக என்ன வாய்ப்பு? இங்கே தேர்ந்தெடுக்கப்படுவது ஊழியர், அதனால் 12, 11, 10, பெருக்கினால் 1320, 1320இல் ஒன்று. ஆனால் போன தடவை கணினி எண்ணிக்கை இருந்த இடத்திலேயே இந்தத் தடவையும் கணினி எண்ணிக்கையை வைத்து 6840 என்று எழுதுவார்கள்.

பிரையன் ராஸ் 1980களில் கிட்டத்தட்ட இதே மாதிரிக் கணக்குகளை வைத்து இதை அலசியிருக்கிறார். கதை ஒத்திருந்தால் பழைய உதாரணம் ஞாபகம் வர உதவுகிறது, சரிதான். ஆனால் ஞாபகம் வந்தபின் பொருளுக்குப் பொருள் ஒட்டிக்கொள்கிறது: கார் இருந்த இடத்தில் கார், ஆள் இருந்த இடத்தில் ஆள். கதாபாத்திரங்கள் அதே, வேலை மட்டும் மாறியிருந்தால், கதையே முழுக்க மாறியிருக்கும் கணக்கைவிட இதில் அதிகம் சறுக்குகிறார்கள். ஒற்றுமை கூடக்கூட நல்லது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

சரிசெய்வது: சூத்திரத்தில் எண்ணைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் வேலையை எழுத வையுங்கள். "20 = கணினி" என்பது போதாது, "20 = எதிலிருந்து எடுக்கிறோமோ அதன் எண்ணிக்கை" என்று இருக்கணும். அப்புறம், உதாரணம் ஒன்று நடத்தி முடித்ததும் அதே கதையைத் திருப்பிப் போட்டு உடனே இரண்டாவதாக ஒன்று நடத்துங்கள், வாரம் கழித்து இல்லை, அதே மூச்சில். இரண்டு விடைகளும் ஏன் வேறு வேறு என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

அறிகுறி 4: ஒரே ஒரு படி மாறினால் வண்டி நின்றுவிடுகிறது

20 மாணவர்களில் 6 பேர் புத்தகமே படிக்கவில்லை, 7 பேர் ஒன்று, 5 பேர் இரண்டு, 2 பேர் மூன்று படித்தார்கள், சராசரி என்ன? 7, 10, 6 கூட்டி 23, அதை 20ஆல் வகுத்து 1.15. நன்றாகப் போட்டுவிடுவார்கள். "20 மாணவர்கள் மொத்தம் 46 புத்தகம் படித்தார்கள், சராசரி?" என்று கேட்டால் "எதை எதால் பெருக்குவது" என்று விழிப்பார்கள். இரண்டாவதுதான் சுலபம் என்பது வேடிக்கை. பெருக்கு, பெருக்கு, கூட்டு, வகு என்று ஒரு நீளச் சரமாக ஏறியிருக்கிறது, அதில் முதல் துண்டு எதற்காக என்பது ஏறவில்லை.

சரிசெய்வது சுலபம். உதாரணத்தின் படிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நோக்கத்தைத் தலைப்பாக எழுதுங்கள்: "மொத்தத்தைக் கண்டுபிடி", "தலைக்கு எவ்வளவு என்று பங்கிடு". ரிச்சர்ட் காட்ரம்போன் 1990களில் இந்தச் சின்னத் தலைப்புகளின் பலனைத் தொடர்ந்து காட்டியிருக்கிறார். மொத்தம் கையிலேயே இருந்தால் முதல் கூட்டத்தைத் தாண்டிப் போகலாம் என்பது தலைப்பைப் பார்த்தாலே விளங்கும்.

அறிகுறி 5: பயிற்சியில் எல்லாம் சரி, தேர்வில் எல்லாம் போச்சு

பயிற்சித்தாளை எடுத்துப் பாருங்கள். ஒரே வகைக் கணக்கு வரிசையாக இருக்கிறதா? அப்படியென்றால் எந்த முறை என்று முடிவெடுக்கும் வேலையைப் பயிற்சித்தாளின் தலைப்பே செய்துவிட்டது, மாணவர் வெறும் எண்களை மாற்றிப் போட்டிருக்கிறார். தேர்வில் தலைப்பு இருக்காது.

டக் ரோரர், கெல்லி டெய்லர் 2007இல் வெளியிட்டது என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் எல்லோரும் பார்க்க வேண்டிய எண்கள். நான்கு வகைத் திண்மங்களின் கன அளவு காணும் பயிற்சி. வகைவாரியாக அடுக்கிப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் அடுக்கியவர்கள் 20, கலந்தவர்கள் 63. ஆகவே பயிற்சி மதிப்பெண்ணை வைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறையை எடைபோட்டால் தவறான முறையைத்தான் தேர்ந்தெடுப்போம்.

கலந்து கொடுங்கள். மாணவர் முணுமுணுப்பார், தனக்குப் பின்னடைவு என்றே நினைப்பார், பெற்றோரும் கேட்பார்கள். இந்த இரண்டு வரி எண்களைக் காட்டுங்கள்.

அறிகுறி 6: சுலப வழி கண்ணெதிரே, ஆனாலும் பழைய சுற்று வழி

ஆபிரகாம் லுச்சின்ஸ் 1942இல் வெளியிட்ட ஜாடிக் கணக்குகள். 21, 127, 3 அளவுள்ள ஜாடிகளை வைத்து 100 அளக்கணும்: 127இல் 21ஐயும், 3ஐ இரண்டு தடவையும் கழித்தால் ஆயிற்று. இதே வழியில் தீரும் சிலவற்றைப் போட வைத்துவிட்டு 23, 49, 3 கொடுத்து 20 கேட்டால், 23இல் 3 போனால் 20 என்பது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை, 49இல் இருந்து ஆரம்பிக்கிறார்கள். 28, 76, 3 கொடுத்து 25 கேட்டால் பழைய வழி வேலையே செய்யாது, 28இல் 3 கழித்தால் முடிந்தது, அதையும் பலர் விட்டுவிட்டார்கள். முன் உதாரணங்கள் இல்லாமல் நேரடியாக வந்தவர்களுக்கு இதில் கஷ்டமே இருக்கவில்லை.

உதாரண வரிசையில் மூன்றாவதோ நான்காவதோ, அந்த வழி பொருந்தாத அல்லது தேவைப்படாத ஒன்றைச் சொருகிவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

அறிகுறி 7: கணித வகுப்பில் வருகிறது, இயற்பியலில் வரவில்லை (அல்லது மறுபக்கம்)

எந்தத் திசையில் என்று முதலில் பாருங்கள், இரண்டும் சமம் இல்லை. மிரியம் பாசொக், கீத் ஹோலியோக் 1989இல் கூட்டுத்தொடரையும் சீரான முடுக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள், உள்ளே இரண்டும் ஒன்றுதான், ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு கூடுகிறது. கூட்டுத்தொடர் படித்தவர்கள் முடுக்கக் கணக்கைப் பார்த்ததும் பெரும்பாலும் அடையாளம் கண்டார்கள். முடுக்கம் படித்தவர்களில் கூட்டுத்தொடரை அடையாளம் கண்டவர்கள் மிகச் சிலரே. கணிதத்தில் எண்கள் எதைக் குறித்தாலும் சரி என்றுதான் பழகுகிறோம். இயற்பியலில் வேகம், நேரம், அலகு எல்லாம் விதியோடு பின்னிக்கொண்டே உள்ளே போகின்றன, பிறகு பிரித்தெடுப்பது சிரமம்.

ஆகவே ஒரு பாடத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகணும் என்றால், பொதுவடிவத்தை ஒருதடவையாவது கதை இல்லாமல் காட்டியிருக்கணும். ஒரு சின்ன கண்ணி: பத்தாவது உறுப்புக்குப் பொது வித்தியாசத்தை 9 தடவை கூட்டுகிறோம், பத்து விநாடிக்குப் பிறகுள்ள வேகத்துக்கு முடுக்கத்தை 10 தடவை கூட்டுகிறோம். முதல் உறுப்பை ஒன்று என்று எண்ணுகிறோம், நேரத்தைச் சுழியத்திலிருந்து எண்ணுகிறோம். பாலம் கட்டிக்கொடுக்கும்போது இதைச் சொல்லாவிட்டால் 3ஆம் அறிகுறி வேறு வடிவில் திரும்பி வரும்.

அறிகுறி 8: விதியில் ஒன்று சொல்லியிருக்கிறது, மாணவர் வேறொன்று செய்கிறார்

உங்கள் உதாரணத்தைச் சரிபாருங்கள். விதியும் உதாரணமும் முரண்பட்டால் ஆட்கள் உதாரணத்தின் பின்னால்தான் போகிறார்கள், முரண்பாடே பலர் கண்ணில் படுவதில்லை (ஜோ-ஆன் லெஃபெவ்ர், பீட்டர் டிக்சன், 1986). உதாரணத்தில் தற்செயலாக எல்லா விடையும் முழு எண்ணாக இருந்தால், பின்னம் வந்ததும் "தப்பு" என்று அழிப்பவர்கள் இதே வகைதான்.

அறிகுறி 9: மேலே சொன்னதெல்லாம் செய்தாயிற்று, இப்போது முன்னைவிடக் குழப்பம்

சீக்கிரமே செய்துவிட்டீர்கள். முதல் உதாரணமே இன்னும் தடுமாறுகிறது என்றால், இரண்டாவதை வேறு கதையில் வைத்து ஒப்பிடச் சொல்வது சுமைதான். முழுக்க ஆரம்பநிலையில் இருப்பவருக்கு மிகவும் ஒத்த உதாரணங்கள் இரண்டு, விடையோடு, படி படியாக. "இந்தப் படி ஏன்" என்று அவரையே சொல்லிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பிறகு அதே கதையில் எண் மாற்றம், பிறகு கதாபாத்திரங்களின் வேலை மாற்றம், பிறகு கதை மாற்றம், கடைசியில் கலவை. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் தீர்த்த உதாரணங்களைப் படிக்க வைத்தபோது பலன் தெரிந்தது ஒத்த கணக்குகளில்தான், அமைப்பு மாறிய கணக்குகளில் இல்லை. ஆகவே அந்த முதல் கட்டத்திலேயே தங்கிவிட்டால் 1ஆம் அறிகுறிக்குத் திரும்புவீர்கள்.

எப்போது அடுத்த கட்டத்துக்குப் போவது என்பதற்கு மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். உதாரணத்தை மூடிவைத்து, எண்களே இல்லாமல், என்ன செய்தோம் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் கதையை மாற்றலாம். குழாய், தொட்டி என்று பெயர்களைப் பிடித்துக்கொண்டே சொன்னால் இன்னும் ஒரு ஒத்த உதாரணம். ஏற்கனவே நன்றாகத் தெரிந்தவருக்கு விடையோடு உதாரணம் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள், தேர்ச்சி வந்தபின் அது உதவாமல் குறுக்கே நிற்கும், அவருக்கு வேண்டியது நேரடியாகக் கலந்த கணக்குக்கட்டு.